கார் பேட்டரி இறங்கிவிட்டதா? புதியது வாங்கும் முன் அளந்து பாருங்கள்

காலையில் சாவியைத் திருப்பும்போது செல்ஃப் எடுக்காமல் ‘டக் டக்’ என்ற ஒலி மட்டும் கேட்டால், பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது என்று முடிவு கட்டுவதே பெரும்பாலோரின் வழக்கம். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். பழைய பேட்டரிக்கு ஐந்து வயதாகியிருந்ததால் வேறு ஐயமே எழவில்லை. புதியதைப் பொருத்தி இரண்டு வாரம் கழித்து, வியாழக்கிழமை மாலை நிறுத்திய காரைத் திங்கட்கிழமை காலை எடுக்கப் போனபோது மறுபடியும் அதே ‘டக் டக்’. டிக்கிக்குள் இருந்த 5 வாட் விளக்கு, மூடி மூடிய பிறகும் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. 5 வாட் என்பது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 0.4 ஆம்பியர், 84 மணி நேரம் எரிந்தால் 34 அல்லது 35 ஆம்பியர்-மணி போய்விடும். என் பேட்டரியின் கொள்ளளவே 45 ஆம்பியர்-மணிதான். நல்ல பேட்டரியானாலும் அந்த நிலையில் எஞ்சினைச் சுழற்றாது.

ஆகவே பேட்டரி இறங்குவது நோயாகவும் இருக்கலாம், நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். பேட்டரியே சார்ஜைத் தாங்கும் நிலையில் இல்லாமல் போயிருக்கலாம். பலர் டைனமோ என்று அழைக்கும் ஆல்டர்னேட்டர் ஓட்டத்தின்போது போதிய அளவு சார்ஜ் ஏற்றாமல் இருக்கலாம். அல்லது வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். இந்த மூன்றில் எது என்பதைக் கண்டறிய, வோல்ட்டையும் ஆம்பியரையும் அளக்கக்கூடிய சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றும், பேட்டரி சார்ஜர் ஒன்றும், இரண்டு இரவுப் பொறுமையும் போதும்.

முதலில் காதைக் கொடுங்கள்

மீட்டரைத் தொடுவதற்கு முன், சாவியைத் திருப்பும்போது என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். டாஷ்போர்டு விளக்குகள் மங்கி, ‘டக் டக் டக்’ என்று வேகமான தட்டல் கேட்டால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. எஞ்சின் இழுத்து இழுத்து மெதுவாகச் சுழன்றால், சார்ஜ் குறைவு என்பதோடு கேபிளில் தடை இருக்கவும் வாய்ப்புண்டு. விளக்குகள் மங்காமல் பளிச்சென்று இருக்க, ‘டொக்’ என்று ஒரே ஒரு ஒலி கேட்டு நின்றுவிட்டால், ஸ்டார்ட்டர் மோட்டாரையோ, அதற்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான சோலனாய்டையோ பார்க்க வேண்டும். எஞ்சின் நல்ல வேகத்தில் சுழன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். அது எரிபொருள் அல்லது இக்னிஷன் தொடர்பான வேறு கதை.

அடுத்து பானெட்டைத் திறந்து டெர்மினல்களைப் பாருங்கள். வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் அது இணைப்பில் தடையை உண்டாக்கும். கிளாம்பைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். சிறிதளவு அசைந்தாலும் அது தளர்ந்ததாகவே பொருள். பேட்டரியின் பக்கவாட்டுச் சுவர் உப்பியிருந்தாலும், விரிசல் விட்டிருந்தாலும், அமிலம் கசிந்திருந்தாலும் மேற்கொண்டு எந்தச் சோதனையும் வேண்டாம். அதை மாற்றத்தான் வேண்டும். கடுங்குளிரில் உறைந்துபோன பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவே கூடாது.

பொடியைச் சுத்தம் செய்வது எளிது. முதலில் நெகட்டிவ் கேபிளையும் பிறகு பாசிட்டிவ் கேபிளையும் கழற்றி, சமையல் சோடா கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடைத்து, உலர்ந்தபின் பாசிட்டிவை முதலிலும் நெகட்டிவைக் கடைசியிலும் மாட்டுங்கள். இந்த வரிசை வெறும் சடங்கன்று. காரின் உடல் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருப்பதால், நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பேனர் பக்கத்திலுள்ள உலோகத்தில் பட்டால், ஸ்பேனரே பழுக்கும் அளவுக்குக் குறுக்கு மின்னோட்டம் பாயும். மூடி திறக்கக்கூடிய பேட்டரி என்றால், சோடா நீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடி அணிந்து வேலை செய்வது நல்லது.

வோல்ட் அளவு சொல்வது என்ன

கார் பேட்டரிக்குள் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும் ஆறு செல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன. 12 வோல்ட் பேட்டரி என்று சொன்னாலும், முழுச் சார்ஜில் அது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டியது இதனால்தான். புதிதாக அளப்பவர்கள் பலர் 12.0 என்று கண்டதும் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். உண்மையில் 12.4 வோல்ட் என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். 11.8-க்குக் கீழே போனால் காலி என்றே கொள்ளலாம். அமிலத்தைக் கண்ணாடியிழை விரிப்பில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகைப் பேட்டரிகளில் இந்த அளவுகள் சற்றுக் கூடுதலாக, முழுச் சார்ஜில் 12.8 வோல்ட் வரை இருக்கும். நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பின்னும் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றால், ஆறு செல்களில் ஒன்று செயலிழந்துவிட்டது என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லிவிடலாம்.

அளக்கும் நேரமும் முக்கியம். ஓட்டிவந்து நிறுத்திய உடனே அளந்தால், தகடுகளின் மேற்பரப்பில் தங்கியுள்ள சார்ஜ் காரணமாக மீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். இரவு முழுவதும் நிறுத்தி வைத்துக் காலையில், கதவைத் திறப்பதற்கு முன்பே அளப்பது சிறந்தது. அதற்குக் காத்திருக்க முடியாவிட்டால், ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சிறிது நேரம் கழித்து அளக்கலாம்.

அடுத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருங்கள். நல்ல சார்ஜில் உள்ள பேட்டரி, எஞ்சினைச் சுழற்றும் அந்த ஓரிரு நொடிகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. நின்ற நிலையில் 12.6 காட்டிய பேட்டரி, செல்ஃப் அடித்தவுடன் 8 அல்லது 7-க்குச் சரிந்தால் உள்ளே வலு இல்லை. இதே சோதனையை இரண்டாம் முறை செய்யும்போது, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழ் மீதும் மறுமுனையை அதன்மேல் மாட்டியிருக்கும் கிளாம்பின் மீதும் வையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதானே இருக்கின்றன, என்ன வேறுபாடு வரப்போகிறது என்று தோன்றும். ஆனால் செல்ஃப் அடிக்கும்போது அங்கே அரை வோல்ட் காட்டினால், குறை பேட்டரியில் இல்லை, அந்த இணைப்பில் இருக்கிறது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் கிளாம்புகூட இந்தச் சோதனையில் பிடிபடுவதுண்டு.

எஞ்சின் ஓடும்போது வோல்ட் அளவு பொதுவாக 13.8 முதல் 14.7 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்ட பின்னும், எஞ்சின் வேகத்தைச் சற்றுக் கூட்டினால் 13.5-க்கு மேல் நிற்க வேண்டும். 12.5-இலிருந்து மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் ஆல்டர்னேட்டர் ஏற்றவில்லை. அதன் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்பதை முதலில் பாருங்கள். 15-ஐத் தாண்டி நின்றால், ஆல்டர்னேட்டரின் வோல்ட் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதாக இருக்கலாம். அது பேட்டரியைக் கொதிக்கவைத்துக் கொல்லும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எரிபொருளைச் சேமிப்பதற்காகக் கணினியே ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இந்த அளவு ஏறியும் இறங்கியும் காணப்படும். அவற்றில் ஒரு நொடி அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், சில நிமிடங்கள் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு இரவுச் சோதனை

மேலே சொன்ன அளவுகளால் முடிவுக்கு வர முடியவில்லை என்றால், நான் யாருக்கும் பரிந்துரைக்கும் முறை இது. பேட்டரியைச் சார்ஜரில் போட்டு முழுமையாக ஏற்றுங்கள். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம், அதாவது 45 ஆம்பியர்-மணிப் பேட்டரிக்கு 4 முதல் 5 ஆம்பியர் வரை போதும். காலியான பேட்டரிக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலேகூடப் பிடிக்கும். ஏற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் காற்றோட்டமான இடம் தேவை, அருகில் தீப்பொறி கூடாது. பிறகு நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டு, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளந்து குறித்துக்கொண்டு, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் அளவு ஏறத்தாழ மாறாமல் இருந்தால் பேட்டரி சார்ஜைத் தாங்குகிறது. எதனுடனும் இணைக்காமலே 12.4-க்குக் கீழே இறங்கியிருந்தால், வேறெங்கும் தேட வேண்டாம், பேட்டரிதான் பழுது.

முதல் இரவில் தேறிவிட்டால், இரண்டாம் நாள் கேபிளை மாட்டி, காரை வழக்கம்போலப் பூட்டி நிறுத்துங்கள். மறுநாள் காலையில் கணிசமாக இறங்கியிருந்தால் காருக்குள் எங்கோ மின்கசிவு இருக்கிறது. எந்தப் பணிமனைக்கும் போகாமல், எதையும் வாங்காமல், பேட்டரியையும் காரையும் தனித்தனியாக விசாரித்து முடித்துவிடுகிறோம்.

மின்கசிவைத் தேடிப் பிடிப்பது

நிறுத்தி வைத்த காரும் முழுமையாக உறங்குவதில்லை. கடிகாரம், அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர் ஆகியவை சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை எடுத்துக்கொள்வது இயல்பு. 30 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, 45 ஆம்பியர்-மணிப் பேட்டரி ஒரு மாதத்தில் ஏறத்தாழப் பாதியாகும். அதுவே 300 மில்லி ஆம்பியர் என்றால் மூன்றே நாளில் அந்த நிலை வந்துவிடும். நாம் தேடுவது இந்த இரண்டாம் வகையை.

மல்டிமீட்டரில் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் எனக் குறிக்கப்பட்ட துளைக்கு மாற்றி, மீட்டரையும் அதே அளவுக்குத் திருப்புங்கள். நெகட்டிவ் கேபிளின் நட்டைத் தளர்த்திவிட்டு, அதைத் தூக்குவதற்கு முன்பே மீட்டரின் ஒரு முனையைக் கிளாம்பிலும் மறுமுனையைக் குமிழிலும் பொருத்தி, அதன் பின் கிளாம்பை மெதுவாக மேலே எடுங்கள். இப்போது காருக்குப் போகும் மின்சாரம் முழுவதும் மீட்டர் வழியாகவே போகிறது. இந்த நிலையில் ஸ்டார்ட் செய்யவோ இக்னிஷனைப் போடவோ கூடாது. செய்தால் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் எரிந்துவிடும். தொடக்கத்தில் ஓர் ஆம்பியருக்கு மேல்கூடக் காட்டும், பதற வேண்டாம். காரின் கணினிகள் ஒவ்வொன்றாக உறங்கப் போவதற்கு இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அதுவரை காத்திருக்காமல் எடுத்த அளவுக்கு எந்த மதிப்பும் இல்லை.

காத்திருப்பதற்கு முன் ஒரு ஆயத்தம் தேவை. ஃபியூஸ் பெட்டி காருக்குள் இருந்தால், பிறகு அதை எட்டக் கதவைத் திறந்தவுடனே கார் விழித்துக்கொள்ளும். எனவே கதவைத் திறந்து வைத்தபடியே, அதன் விளிம்பிலுள்ள பூட்டின் கொக்கியை ஒரு திருப்புளியால் ‘டக்’ என்று விழும்வரை தள்ளிவிடுங்கள். கதவு மூடியிருப்பதாகக் கார் நம்பிவிடும். கதவிலோ சட்டத்திலோ அழுத்துபொத்தான் உள்ள பழைய கார்களில் அந்தப் பொத்தானை டேப்பால் அழுத்தி ஒட்டினால் போதும். வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவிக்காமல் கதவை அடைத்தால் பூட்டு நசுங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஸ்மார்ட் சாவியைக் காரிலிருந்து பல மீட்டர் தள்ளி வையுங்கள்.

உறங்கிய பின்னும் மீட்டர் 50 மில்லி ஆம்பியருக்கு (10 ஆம்பியர் அளவில் 0.05) மேல் வெகுவாகக் காட்டினால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது அளவு சட்டென்று விழுகிறது என்று பார்ப்பது பழைய முறை. அது வேலை செய்யும். ஆனால் பிடுங்கிய ஃபியூஸைத் திரும்பச் செருகும்போது சில கணினிகள் விழித்துக்கொண்டு கணக்கைக் குழப்பிவிடும். எனக்குப் பிடித்தது ஃபியூஸைப் பிடுங்காமலே அளக்கும் முறை. பிளேடு வகை ஃபியூஸின் மேல்முதுகில், பிளாஸ்டிக்கின் இரு ஓரத்திலும் குண்டூசித் தலையளவு உலோகம் வெளியே தெரியும். மீட்டரில் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றி, மில்லிவோல்ட் அளவில் வைத்து, அந்த இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். இந்த முறையில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றவே தேவையில்லை. மின்னோட்டம் இல்லாத ஃபியூஸ் 0.0 காட்டும். 10 ஆம்பியர் ஃபியூஸில் ஒரு மில்லிவோல்ட் காட்டினால், அதன் வழியாக நூற்றுச் சொச்சம் மில்லி ஆம்பியர் போய்க்கொண்டிருக்கிறது. பெட்டி மூடியின் உட்புறப் படத்தில் அந்த ஃபியூஸ் எதற்கு உரியது என்று பார்த்தால், தேட வேண்டிய பகுதி சுருங்கிவிடும்.

சிவப்பு ஒயரைப் பற்றி இன்னொரு முறை சொல்கிறேன்: ஆம்பியர் துளையில் அது செருகியிருக்கும்போதே பேட்டரியின் இரு முனைகளிலும் வோல்ட் அளக்கப் போவது, பேட்டரியைக் கம்பியால் நேராக இணைப்பதற்குச் சமம்.

பிடிபடும் குற்றவாளிகள் பெரும்பாலும் சாதாரணமானவையே. டிக்கி விளக்கும் கையுறைப் பெட்டி விளக்கும் முதலிடம் பெறுகின்றன. கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடி, ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் விளக்கு அணைகிறதா என்பது தெரிந்துவிடும். என் டிக்கி விளக்கு பிடிபட்டதும் இப்படித்தான். மூடியை மூடியபோதும் சுவிட்சின் ரப்பர்க் குமிழ் உள்ளே அழுந்தாமல் வெளியே சிக்கி நின்றிருந்தது. அடுத்தபடியாக, பிறகு பொருத்தப்பட்ட டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவி, ஆம்ப்ளிஃபையர், காரின் பழுதைக் கண்டறிய உதவும் நோயறி சாக்கெட்டில் செருகியே விடப்பட்ட சிறு கருவிகள் ஆகியவற்றைப் பாருங்கள். ஒட்டிக்கொண்டுவிட்ட ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், வண்டி நின்று நெடுநேரமாகியும் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். எல்லா ஃபியூஸ்களும் சுழி காட்டியும் கசிவு நிற்கவில்லை என்றால் ஆல்டர்னேட்டரை ஐயப்படலாம். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் அதன் டயோடு ஒன்று பழுதானால், இரவெல்லாம் மின்சாரம் பேட்டரியிலிருந்து பின்னோக்கிப் பாயும். அதைக் கழற்றிச் சோதிப்பதைத் தொழில் தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விடுவதே மேல்.

அவசரத்துக்கு ஜம்பர் கேபிள்

வழியில் நின்றுவிட்டால் கேபிள் மாட்டும் வரிசை இது: சிவப்பின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில்; கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனை இறங்கிய காரின் எஞ்சினில், பேட்டரிக்குத் தள்ளி, பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில். கடைசி இணைப்பில்தான் தீப்பொறி வரும். அது ஹைட்ரஜன் தேங்கியிருக்கக்கூடிய பேட்டரியின் மேல் விழாமலிருக்கவே இந்த ஏற்பாடு. நல்ல காரைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு இறங்கிய காரை ஸ்டார்ட் செய்து, மாட்டியதற்கு நேர்மாறான வரிசையில் கழற்றுங்கள்.

ஸ்டார்ட் ஆனவுடன் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. நின்ற இடத்திலேயே எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிடுவதால் பெரிய பயன் இல்லை. ஆல்டர்னேட்டர், ஓரளவு நிரம்பிய பேட்டரியை நிறைவாக வைத்திருக்க உருவானது. முற்றிலும் காலியானதை நிரப்ப வைத்தால் அதுவும் சூடேறித் தேயும். வீடு வந்ததும் சார்ஜரில் போடுங்கள், அன்றைக்கே போடுங்கள். இறங்கிய நிலையில் விடப்படும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகங்கள் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கரையாமல் கொள்ளளவைக் குறைத்துவிடும். ஒரே ஒரு முறை இறங்கி உடனே ஏற்றப்பட்ட பேட்டரி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இறங்கியபடியே பல வாரம் கிடந்தது பிழைப்பது அரிது.

மறுபடியும் இறங்காமலிருக்க

ஐந்து நிமிடத் தொலைவுக்கு மட்டுமே ஓடும் காரில், ஒவ்வொரு ஸ்டார்ட்டும் எடுத்த மின்சாரம் திரும்பி வருவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள்; அதற்கு வாய்ப்பில்லாதவர்கள், நிரம்பியதும் தானே குறைத்துக்கொள்ளும் பராமரிப்புச் சார்ஜர் ஒன்றை மாதம் ஓர் இரவு மாட்டிவைக்கலாம். மூடி திறக்கக்கூடிய பேட்டரியில் தகடுகள் மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய் நீரும் கூடாது, புதிதாக அமிலமும் கூடாது. வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது, குளிர் அதன் பலவீனத்தை வெளியே காட்டுகிறது. கோடையில் நலிந்த பேட்டரி குளிர் வந்ததும் படுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே. மூன்று வயதைத் தாண்டிய பேட்டரியைக் குளிர்காலத்துக்கு முன் ஒருமுறை அளந்து வைப்பது நல்லது. நின்றால் தானே அணைந்து கிளம்பும் வசதியுள்ள காரில் பேட்டரி மாற்ற நேர்ந்தால், அதற்கென வந்த ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி (மேம்படுத்தப்பட்ட திரவ அமிலப் பேட்டரி) வகையையே போடுங்கள். சாதாரணப் பேட்டரி அந்த உழைப்பைத் தாங்காது.

ஒரு மாதத்துக்கு மேல் காரை எடுக்கப் போவதில்லை என்றால், முழுச் சார்ஜ் ஏற்றி நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடலாம். ரேடியோவுக்கு மறைகுறி எண் தேவைப்படும் கார்களில் அந்த எண்ணை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் மாட்டியதும் கடிகாரத்தையும், தானாக ஏறி இறங்கும் கண்ணாடிகளையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும். பேட்டரியே டிக்கிக்குள் இருக்கும் காரில், கேபிளைக் கழற்றிவிட்டு மூடியைச் சாத்துவதற்கு முன் ஒரு நொடி நில்லுங்கள்: அந்த டிக்கி மின்சாரத்தால் மட்டுமே திறப்பதாக இருந்தால், மாட்ட வேண்டிய கேபிளும் அதைத் திறக்க வேண்டிய மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் பூட்டப்பட்டுவிடும். சாவிக்கொத்துக்குள் மறைந்திருக்கும் உலோகச் சாவி எந்தத் துளைக்கு உரியது என்பதை அதற்கு முன்பே திறந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.